லிஸ்பனில் நான்கு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு லிஸ்பனில் இறங்குகிறோம், ஞாயிறு முதல் புதன் வரை நான்கு முழு நாள் கையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூட வருவது 68 வயது அம்மா, அவருக்கு முழங்கால் வலி. அப்புறம் 12 வயது மகன், அவனுக்கு மியூசியம் என்றாலே கொட்டாவி. கட்டாயம் பார்க்க வேண்டியவை எவை, விட்டால் நஷ்டமில்லாதவை எவை என்பது உங்கள் கேள்வி.

நான் அந்த ஊரில் ஆறு வருடம் இருந்தேன். ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு சுற்றுகிற வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். முதல் வருடம் எல்லாரையும் எல்லா இடத்துக்கும் இழுத்தடித்தேன். மூன்றாவது நாளே அவர்களுக்குத் தேவாலயமும் கோட்டையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்புறம்தான் ஒரு வழி பிடிபட்டது. லிஸ்பனில் எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது 1755-க்கு முந்தியதா, பிந்தியதா? உங்கள் மகனுக்கு இதை ஒரு விளையாட்டாகவே சொல்லிக்கொடுத்துவிடலாம். சரியாகச் சொன்னால் ஒரு ஐஸ்கிரீம்.

1755 நவம்பர் 1, சனிக்கிழமை. அனைத்துப் புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல், ஊரே பூசைக்காகத் தேவாலயங்களில் கூடியிருந்த நேரத்தில் பூமி குலுங்கியது. கல் கூரைகள் ஜனங்கள் தலையில் விழுந்தன. தப்பி ஓடியவர்கள் வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்குப் போனார்கள். தண்ணீர் உள்வாங்கி ஆற்றின் தரை தெரிந்தது, பிறகு சுனாமி வந்தது. 2004 டிசம்பரைப் பார்த்த நமக்கு அந்த உள்வாங்கிய கரை என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. திருநாளுக்காக ஏற்றிய மெழுகுவர்த்திகளிலிருந்தும் வீட்டு அடுப்புகளிலிருந்தும் கிளம்பிய தீ ஐந்தாறு நாள் எரிந்தது. ஆற்றங்கரை அரண்மனை, அதிலிருந்த சுமார் 70,000 நூல்கள், திறந்து சுமார் ஏழு மாதமே ஆன ஓபரா மாளிகை எல்லாம் போயின. ராஜா முதலாம் ஜோசே குடும்பத்தோடு அன்று ஊருக்கு மேற்கே பெலேமில் இருந்ததால் பிழைத்தார். அதற்கப்புறம் கல் கூரைக்குக் கீழே தூங்க அவருக்கு மனம் வரவில்லை. அஜுடா மேட்டில் மரத்தால் கட்டிய கூடாரம் போன்ற அரண்மனையில்தான் கடைசிவரை வாழ்ந்தார்.

இதைத் தெரிந்துகொண்டு போனால் ஊர் தானாகவே பேச ஆரம்பிக்கும்.

முதலில் நாள் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். அங்கே பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. ஆனால் கார்மோ இடிபாடு திங்களன்று திறந்திருக்கும், ஞாயிறு மூடியிருக்கும். எனவே ஞாயிறு ஓவியங்கள், திங்கள் நகர மையம், செவ்வாய் பெலேம், புதன் சுவர் ஓடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: சில ஆண்டுகளாக அங்கே ஒவ்வொரு அருங்காட்சியகமாகப் புதுப்பிப்புப் பணிக்கு மூடிக்கொண்டிருக்கிறார்கள். கிளம்பும் வாரத்தில் அந்தந்த இடத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திங்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரின் சாவி அங்கே இருக்கிறது. (சாவி என்ற சொல்லே போர்த்துகீசியம்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.) கார்மோ மடத்தின் தேவாலயம் 1389-ல் தொடங்கிய கோதிக் கட்டடம். நிலநடுக்கத்தில் கூரை விழுந்தது. மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள், பணம் இழுத்துக்கொண்டே போனது, 1834-ல் நாட்டில் துறவு மடங்களை எல்லாம் கலைத்தபோது வேலை அப்படியே நின்றது. பிறகு யாரும் கூரை போடவில்லை. இன்று உள்ளே போனால் இரண்டு பக்கமும் தூண்கள், மேலே எலும்புக்கூடு போல வளைவுகள், அதற்கு மேல் வெறும் ஆகாயம். கீழே புல்தரை. லிஸ்பனில் நான் அதிக முறை போன இடம் இதுதான். பின்பக்க அறைகளில் ஒரு சிறிய தொல்லியல் காட்சியகம் இருக்கிறது. பெருவிலிருந்து வந்த இரண்டு மம்மிகள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் மகனின் கொட்டாவி அந்த அறை வாசலில் நின்றுவிடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியும்.

வாசலில் இருக்கிற சின்னச் சதுக்கத்தையும் கவனியுங்கள். 1974 ஏப்ரல் 25 அன்று, நாற்பது ஆண்டுக்கு மேல் நீண்ட சர்வாதிகாரத்தின் கடைசிப் பிரதமர் மார்செலோ கயெட்டானோ பக்கத்துக் காவல் படைத் தலைமையகத்தில்தான் ஒளிந்திருந்தார். வெளியே கேப்டன் சல்கெய்ரோ மையாவின் கவச வண்டிகள், சுற்றிலும் மரத்திலும் கூரையிலும் ஏறி நின்ற ஜனங்கள். சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூ செருகினார்கள். அந்தப் புரட்சிக்கே அந்தப் பூவின் பெயர் வந்துவிட்டது.

அம்மாவை இந்த மேட்டுக்கு எப்படி ஏற்றுவது? சாந்தா ஜுஸ்தா என்ற 1902-ம் வருடத்து இரும்பு லிஃப்ட் கீழேயிருந்து நேராகக் கார்மோவின் பின்புறம் கொண்டு விடும். அழகானதுதான். ஆனால் 45 மீட்டர் ஏற ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பது முழங்காலுக்குச் செய்யும் துரோகம். ஊர்க்காரர்கள் செய்வதைச் செய்யுங்கள்: பைஷா-ஷியாடோ மெட்ரோ நிலையத்தில் கீழ்த்தளத்தில் நுழைந்து, அடுக்கடுக்காகப் போகும் நகரும் படிக்கட்டுகளில் ஏறினால் ஷியாடோ மேட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். கார்மோ அங்கிருந்து ஐந்து நிமிட நடை. லிஃப்டின் மேல்தளத்தை வேண்டுமானால் கார்மோ பக்கமிருந்து எட்டிப் பாருங்கள். பழைய குளோரியா கேபிள் வண்டி உங்கள் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பரில் அது தடம்புரண்டு 16 பேர் இறந்தார்கள்.

ஷியாடோவில் இன்னும் இரண்டு. 1732-ல் தொடங்கிய பெர்ட்ராண்ட் புத்தகக் கடை. உலகில் இன்றும் நடக்கும் மிகப் பழைய புத்தகக் கடை என்று கின்னஸ் பதிவு. முதல் கடை நிலநடுக்கத்தில் போய்விட்டது, இப்போதிருக்கும் இடம் அதற்குப் பிந்தியது. (மகன் இதில் ஏமாறுவான், ஐஸ்கிரீம் மிச்சம்.) அடுத்தது சாவ் ரோக் தேவாலயம். இதை யாரும் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள், வெளியேயிருந்து பார்த்தால் ஏதோ கிடங்கு மாதிரி இருக்கும். 1755-க்குத் தப்பிய கட்டடம். உள்ளே இடதுபக்கம் ஒரு சிற்றாலயம், யோவான் ஸ்நாபகருடையது. ஐந்தாம் ஜோவாவ் என்ற ராஜாவுக்குப் பிரேசில் தங்கம் வந்து கொட்டிக்கொண்டிருந்த காலம். 1742-ல் ரோமாபுரியில் ஆர்டர் கொடுத்தார். அங்கேயே முழுதாகக் கட்டி, போப்பாண்டவர் கையால் ஆசீர்வாதமும் வாங்கி, பிறகு துண்டு துண்டாகப் பிரித்து, கப்பலில் ஏற்றி, லிஸ்பனில் மறுபடி பூட்டினார்கள். நீலக்கல், அகேட், பலவகைப் பளிங்கு என்று இழைத்த வேலை. சுவரில் இருப்பவை ஓவியங்கள் என்று நினைப்பீர்கள், கிட்டே போனால் பொடிப்பொடிக் கற்களால் ஆன மொசைக். அம்மா இங்கே நன்றாக உட்காரலாம், பெஞ்சுகள் உண்டு, ஆலயத்துக்குள் போகக் கட்டணமும் கிடையாது.

பிற்பகல் கீழே இறங்கினால் பைஷா. நேர்க்கோட்டுத் தெருக்கள், ஒரே உயரம், ஒரே மாதிரி முகப்பு. அலுப்பாக இருக்கிறதே என்று தோன்றும். அந்த அலுப்புக்குப் பின்னால்தான் பெரிய சமாச்சாரம் இருக்கிறது. நிலநடுக்கத்துக்குப் பிறகு பொறுப்பெடுத்த அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவர், பழைய சந்துபொந்துகளை மறுபடி கட்ட விடவில்லை. ராணுவப் பொறியாளர்கள் புதிய வரைபடம் போட்டார்கள். சுவருக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களால் ஒரு கூண்டு கட்டி, அதைச் சுற்றிக் கல்லும் சுண்ணாம்பும் நிரப்பினார்கள். பூமி ஆடினால் கூண்டு வளைந்து கொடுக்கும், உடையாது. மாதிரி ஒன்று செய்து, சுற்றிலும் சிப்பாய்களைத் தடதடவென்று நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கென்றே ஒரு நகர மையம் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஆரம்பகால உதாரணங்களில் இது முக்கியமானது. எத்தனை நேரம் குலுங்கியது, கிணற்று நீர் மாறியதா, கடல் ஏறியதா இறங்கியதா என்று ஒவ்வொரு தேவாலய வட்டாரத்துக்கும் கேள்வித்தாள் அனுப்பிப் பதில் வாங்கினார் பொம்பால். நிலநடுக்க அறிவியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தத் தாள்களைத் தவிர்க்க முடியாது. தெருப்பெயர்களும் அவர் காலத்து ஒழுங்குதான்: தங்கத் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு.

அந்தப் பைஷாவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. கொர்ரெயெய்ரோஸ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்துக்குக் கீழே 1990-களில் தோண்டியபோது ரோமர் காலத்து மீன் ஊறவைக்கும் தொட்டிகள் கிடைத்தன. மீனையும் உப்பையும் போட்டுப் புளிக்கவைத்து, குழம்பு மாதிரி ஒரு சாறு எடுத்துப் பேரரசு முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். கருவாட்டு வாசனை தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தில் நின்றாலே மூக்கு விழித்துக்கொள்ளும். அதே பள்ளத்தில், பொம்பால் காலத்துக் கட்டடங்களைத் தாங்கி நிற்கும் பைன் மரக் கழிகளும் தெரிகின்றன, நிலத்தடி நீரில் ஊறிக்கொண்டே. தண்ணீர் வற்றாமல் இருக்கும்வரை மரம் மக்காது. இலவசம், வழிகாட்டியோடு மட்டும்தான் விடுவார்கள், முன்பதிவு வேண்டும். ஞாயிறு மூடல்.

ரோசியோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் சாவ் டொமிங்கோஸ் தேவாலயம். பத்து நிமிடம் போதும், ஆனால் போகாமல் விடாதீர்கள். 1506-ல் யூத வழி வந்த புதுக் கிறித்தவர்களைக் கூட்டமாகக் கொன்ற வெறியாட்டம் இங்கேதான் தொடங்கியது. வெளியே நினைவுக்கல் உண்டு. 1755-ல் இடிந்து எழுந்தது. 1959-ல் மறுபடி தீ. அந்தத் தடவை தூண்களைச் சீர்செய்யாமல் வெடித்தும் கருகியும் இருந்தபடியே விட்டுவிட்டு, மேலே மட்டும் புதுக் கூரை போட்டார்கள். உள்ளே போனதும் பேச்சு தானாக நின்றுவிடும்.

தெருக்களின் கடைசியில் ஆற்றைப் பார்த்த பெரிய சதுக்கம். ஊர்க்காரர்கள் இன்னும் அதை அரண்மனைத் திடல் என்றுதான் சொல்வார்கள், அரண்மனை போய் 270 வருடம் ஆன பிறகும். 1908-ல் ராஜா முதலாம் கார்லோஸும் பட்டத்து இளவரசரும் இந்தச் சதுக்கத்தில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே வருடத்தில் முடியாட்சியும் முடிந்தது. ஆனால் மகனுக்கு இங்கே சொல்ல வேண்டிய கதை வேறு. 1515-ல் குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று கோவாவிலிருந்து கப்பலேறி மே 20 அன்று லிஸ்பனில் இறங்கியது. போர்த்துகீசியர்கள் அதை 'கண்டா' என்றே எழுதினார்கள். நம் சொல்லில் கேட்கிற அதே ஓசை. யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் ஜென்மப் பகை என்று பழைய ரோமானிய நூல்களில் இருந்தது. சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று ராஜா மனுவேல் அரண்மனை முற்றத்தில் ஒரு யானையோடு மோதவிட்டார். யானை ஓடிப்போனது. பிறகு போப்புக்குப் பரிசாக அனுப்பினார். இத்தாலிக் கரையருகே கப்பல் கவிழ்ந்து, சங்கிலியில் கட்டியிருந்த மிருகமும் முழுகியது. ஜெர்மனியில் இருந்த ட்யூரர் என்ற ஓவியர் அதைப் பார்க்காமலே, யாரோ எழுதிய கடிதத்தையும் கோட்டுப் படத்தையும் வைத்து, கவசம் போட்ட மாதிரி ஒரு மரச்செதுக்குப் படம் செய்தார். ஐரோப்பா இருநூறு வருடத்துக்கு மேல் அதைத்தான் நிஜமான காண்டாமிருகம் என்று நம்பியது.

இந்தக் கதையோடு செவ்வாய்க்கிழமை பெலேம் போனால், பெலேம் கோபுரத்தின் ஒரு காவல்கூண்டுக்கு அடியில் தேய்ந்துபோன காண்டாமிருகத் தலை ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். அரைமணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். கோபுரத்துக்குள் நுழைய வேண்டாம். திருகுப்படி ஒரு ஆள் மட்டும் போகிற அகலம், உள்ளே அறைகள் வெறுமை. வெளியேயிருந்து பார்க்கத்தான் அது.

நேரத்தையும் பணத்தையும் ஜெரோனிமோஸ் மடத்தில் செலவிடுங்கள். 1501 வாக்கில் தொடங்கி, பல பத்தாண்டு கட்டினார்கள். பணம் எங்கிருந்து? ஆப்பிரிக்கா, கிழக்கு நாடுகளிலிருந்து வந்த சரக்கின்மேல் 5 சதவீத வரி. சுருக்கமாகச் சொன்னால் மிளகுப் பணம். கல்லில் கயிறு முறுக்கியிருப்பார்கள், பவழம் படர்ந்திருக்கும், கப்பலோட்டிகளின் வானக்கோளம் மூலைக்கு மூலை. நிலநடுக்கம் இதைப் பெரிதாகத் தொடவில்லை. தேவாலயத்தின் கருவறைப் பக்கம் ராஜாக்களின் கல்லறைகளைத் தாங்கி நிற்பவை பளிங்கு யானைகள். மகனுக்கு முன்னாலேயே சொல்லாதீர்கள், அவனே கண்டுபிடிக்கட்டும். இரண்டடுக்குத் தூண்சுற்று முற்றத்துக்குத் தனிச் சீட்டு. இணையத்தில் நேரம் குறித்து வாங்கிவிட்டுக் காலையில் முதல் ஆளாகப் போங்கள். அம்மா கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை.

வாசலுக்குப் பக்கத்தில் எதிரெதிராக இரண்டு கல்லறைகள்: வாஸ்கோ ட காமா, கவிஞர் கமோயிஸ். காமா 1524-ல் கொச்சியில் இறந்தார், முதலில் புதைத்ததும் கொச்சியில்தான். ஃபோர்ட் கொச்சி போனவர்கள் அந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கொண்டுவந்து வைத்தது 1880-ல். கமோயிஸ் பெட்டிக்குள் இருப்பது அவர் எலும்புதானா என்பது சந்தேகம். அவர் புதைக்கப்பட்ட ஆலயமும் 1755-ல் சரிந்தது. காமாவைப் பற்றி அங்கே வீர வர்ணனைதான் கேட்கும். 1502-ல் மலபார்க் கரையில், மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலைப் பெண்களோடும் குழந்தைகளோடும் சேர்த்துக் கொளுத்தியவர் அவர் என்பதையும் 12 வயதுப் பையனுக்குச் சொல்லலாம் என்பது என் கட்சி. ஆற்றங்கரையில் நிற்கும் கண்டுபிடிப்புகள் நினைவுச்சின்னத்தையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். பழையது மாதிரி தெரியும். 1940-ல் சர்வாதிகார அரசின் கண்காட்சிக்குத் தற்காலிகமாக வைத்து, 1960-ல் நிரந்தரமாகக் கட்டியது. உள்ளே ஏற வேண்டாம், தரையில் பதித்த உலக வரைபடத்தில் நம் கரையைத் தேடிவிட்டு நகரலாம்.

மடத்தின் நீண்ட மேற்கு இறக்கையில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். வெகுநாளாகப் புதுப்பிப்பில் இருக்கிறது. திறந்திருக்கிறதோ இல்லையோ, அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1554-ல் லிஸ்பனில், அரச அச்சகர் கையில், தமிழும் போர்த்துகீசியமுமாக ஒரு சிறு ஞானோபதேசப் புத்தகம் அச்சானது. தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். லிஸ்பனில் இருந்த மூன்று தமிழர்கள் அதைச் செய்ய உதவினார்கள். விசென்ட் த நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமே த குருஸ் என்று ஞானஸ்நானப் பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல் கொல்லத்தில் வந்த 1578-க்கு 24 வருடம் முந்தியது இது. அதன் பிரதி இந்த அருங்காட்சியகத்தின் உடைமை. காட்சிக்கு வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பெலேமில் இன்னும் ரதங்களின் அருங்காட்சியகம் உண்டு. 1716-ல் போப்பிடம் போன தூதுக்குழுவின் தங்க ரதங்கள்தான் அதன் பெருமை. அம்மாவுக்குப் பிடிக்கும், சமதரை, லிஃப்ட் உண்டு. மகனுக்கு அதைவிட நிலநடுக்க மையம் பொருத்தம். 2022-ல் திறந்த தனியார் இடம், அருங்காட்சியகம் என்பதைவிடச் சவாரி என்று சொல்லலாம். 1755 காலைப் பூசையில் உட்காரவைத்துப் பெஞ்சைக் குலுக்குவார்கள். கொஞ்சம் நாடகம்தான், ஆனாலும் என் அக்கா பையன் அதற்கப்புறம்தான் பைஷா சுவர்களைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தான். அம்மாவை வெளியே உட்காரவையுங்கள்.

பெலேம் கஸ்டர்டு டார்ட் கடையைச் சொல்லாமல் விட முடியாது. 1837-லிருந்து இருக்கிறது, மடங்களைக் கலைத்த பிறகு வெளியே வந்த செய்முறை. தெருவில் நிற்கும் பெரிய வரிசை பெரும்பாலும் பொட்டலம் வாங்குகிறவர்களுடையது. உள்ளே போனால் அறைக்குள் அறையாக நூற்றுக்கணக்கான இருக்கைகள். மேலே தூவ மேசையில் பட்டைப்பொடி இருக்கும். முட்டை சாப்பிடாதவர் என்றால் அம்மாவுக்கு அங்கே காபி மட்டும்தான்.

சரி, ஞாயிறுக்கு வருவோம். ஓவியக் காட்சியகங்களில் ஒன்றுதான் முடியும் என்றால் தேசியப் பழங்கலை அருங்காட்சியகம். அது இருக்கும் தெருவின் பெயர் 'ஜனேலாஸ் வெர்தெஸ்', பச்சை ஜன்னல்கள். ஜனேலாதான் நம் ஜன்னல். ஹோட்டலில் கொடுக்கும் 'ஷாவ்' நம் சாவி, சாப்பிட உட்காரும் 'மேசா' நம் மேசை, குளியலறையில் தொங்கும் 'துவாலியா' நம் துவாலை. அலமாரி, ஏலம், பாதிரி எல்லாம் அங்கிருந்து வந்தவை. என் அத்தை போர்டுகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்து, இவர்கள் ஏன் தமிழ் பேசுகிறார்கள் என்று கேட்டார்.

உள்ளே நான்கு பொருளுக்காகப் போங்கள். ஒன்று, 1470 வாக்கில் நூனோ கொன்சால்வெஸ் வரைந்ததாகக் கருதப்படும் புனித விசென்ட் பலகைகள்: ஆறு பலகை, சுமார் அறுபது முகங்கள், இளவரசரிலிருந்து மீனவர் வரை. இதில் யார் யார் என்று நூறு வருடத்துக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு, போஷ் என்ற ஓவியரின் புனித அந்தோனியார் சோதனை. மீன்மேல் பறக்கிறவர்கள், பானைக்குள் மனிதர்கள், மகன் நகரமாட்டான். மூன்று, ஜப்பானிய மடிப்புத் திரைகள். தங்கப் பின்னணியில் போர்த்துகீசியர்கள் வந்திறங்குகிறார்கள், பலூன் மாதிரி கால்சட்டையும் நீள மூக்குமாக. இவர்கள் மற்றவர்களைப் பார்த்து எழுதியது ஊர் முழுக்க இருக்கிறது. மற்றவர்கள் இவர்களைப் பார்த்து வரைந்தது இந்தத் திரைதான். எனக்கு அந்த அருங்காட்சியகத்திலேயே பிடித்த பொருள். நான்கு, பெலேம் கதிர்ப்பாத்திரம் (நற்கருணையை வைத்துக் காட்டுவது), 1506. கிழக்கு ஆப்பிரிக்கக் கில்வாவிலிருந்து காமா கப்பமாகக் கொண்டுவந்த தங்கத்தில் செய்தது. பிறகு பின்தோட்டத்துக்குப் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு காபி.

ஞாயிறு பிற்பகல் தெம்பிருந்தால் குல்பெங்கியன் அருங்காட்சியகம். குல்பெங்கியன் ஒரு ஆர்மீனிய எண்ணெய் முதலாளி. ஈராக் பெட்ரோலியத்தில் ஐந்து சதவீதப் பங்கு வைத்திருந்தவர். உலகப் போரின்போது 1942-ல் லிஸ்பன் வந்து, 1955-ல் இறக்கும்வரை ஒரே ஹோட்டலில் தங்கியிருந்தார். 1930-ஐ ஒட்டிய வருடங்களில் சோவியத் அரசு பணமுடையில் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகப் படைப்புகளை ரகசியமாக விற்றபோது ரெம்பிராண்ட், ரூபென்ஸ் என்று வாங்கியவர். எகிப்து முதல் லாலிக்கின் தும்பி நகை வரை ஒரே மனிதரின் கண் தேர்ந்தது என்பது உள்ளே நடக்கும்போதே தெரியும். அளவாக இருக்கிறது, அலுப்பு தட்டாது. இங்கே விடுமுறை செவ்வாய். நீண்ட புதுப்பிப்புக்காக மூடிய இடங்களில் இதுவும் ஒன்று என்பதால் முதலில் சரிபாருங்கள். மூடியிருந்தால் பக்கத்திலேயே, அதே தோட்டத்தில் நவீனக் கலை மையம் இருக்கிறது.

புதனுக்கு ஓடுகளின் அருங்காட்சியகம், 1509-ல் ராணி லெயோனோர் தொடங்கிய கன்னியர் மடத்துக்குள். நீலமும் வெள்ளையுமான அசுலேஜோ என்ற சுவர் ஓடுகள் ஊர் முழுக்கத்தான் இருக்கின்றன, எதற்குத் தனியாக என்று தோன்றும். மேல்மாடியில் சுமார் 23 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஓட்டுச் சித்திரம் ஓடுகிறது, 1700 வாக்கில் செய்தது. ஆற்றிலிருந்து பார்த்த லிஸ்பன், இடியாத லிஸ்பன். ஆற்றங்கரை அரண்மனை, கூரையோடு தேவாலயங்கள், துணி காயும் கரை. மூன்று நாளாகக் காலால் நடந்து தேடிய ஊர் மொத்தமும் அந்தச் சுவரில் இருக்கும். அதனால்தான் இதைக் கடைசி நாளுக்கு வைத்தேன். முதல் நாளே போனால் அது வெறும் நீலப் படம்.

அங்கிருந்து டாக்ஸி பிடித்து சாவ் விசென்ட் மடம். பிரகான்சா அரச வம்சத்தின் கல்லறை மண்டபம் இங்கே. அதைவிட முக்கியம், லா ஃபோன்டேனின் நீதிக்கதைகளை வரைந்த 38 ஓட்டுப் பலகைகள். நரியும் கொக்கும், சிங்கமும் எலியும். மகனுக்கு விளக்கம் தேவைப்படாது. அடுத்த தெருவில் தேசிய நினைவு மண்டபமான சாந்தா எங்கிராசியா. 1682-ல் ஆரம்பித்து 1966-ல் முடித்தார்கள். முடியாத வேலையைச் 'சாந்தா எங்கிராசியா வேலை' என்பது அவர்கள் பழமொழி. ஃபாடோ என்ற போர்த்துகீசிய சோகப் பாட்டின் பாடகி அமாலியாவும் கால்பந்து வீரர் எய்செபியோவும் உள்ளே இருக்கிறார்கள். மகன் கால்பந்துப் பைத்தியம் என்றால் போங்கள், இல்லாவிட்டால் வெளியே நின்று சிரித்துவிட்டு வாருங்கள்.

இனி விடலாம் என்பவை. சாவ் ஜோர்ஜ் கோட்டை: 1147-ல் மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்களிடமிருந்து பிடித்த இடம் என்பது உண்மை, ஆனால் இன்று பார்க்கும் கொத்தளங்களில் பெரும்பகுதி 1940-ஐ ஒட்டிச் சீர்செய்து எழுப்பியது. சீட்டு விலை அதிகம், ஏற்றம் அதைவிட. அந்தக் காட்சிக்கு சாந்தா லூசியா திட்டு போதும். பக்கத்து ஆலயத்தின் வெளிச்சுவரில் 1755-க்கு முந்திய அரண்மனைத் திடலை ஓட்டில் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். 28-ம் நம்பர் டிராம்: பகலில் ஏறினால் நின்றுகொண்டே, நசுங்கிக்கொண்டே, பையைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். பிக்பாக்கெட்காரர்களுக்கு அது நிரந்தர வேலையிடம். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்கு முன், கம்போ த ஓரிக் முனையிலிருந்து. சிந்த்ரா மலை அரண்மனைகளையும் இந்தத் தடவை மறந்துவிடுங்கள். ஒரு முழு நாளையும் அம்மாவின் முழங்காலையும் சேர்த்து விழுங்கிவிடும்.

ஊர் முழுக்க நடைபாதை வழவழப்பான சுண்ணாம்புக் கல் துண்டுகள். மார்ச்சில் மழை வரும், நனைந்தால் சோப்பு போட்ட தரை. அடியில் ரப்பர் பிடிமானம் உள்ள ஷூ இல்லாமல் அம்மாவைக் கிளப்பாதீர்கள். அரிசி, பருப்பு, ஊறுகாய்க்கு மார்த்திம் மோனிஸ் பக்கம் போனால் வங்காளதேசத்தவர்களும் இந்தியர்களும் நடத்தும் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

மகனுக்கு மூன்று நாளில் தேவாலயம் போதும் என்றாகிவிட்டால் எந்த நாளிலும் திறந்திருக்கும் கடல்வாழ் காட்சியகம் உண்டு, 1998 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. நடுத்தொட்டியில் மட்டும் 50 லட்சம் லிட்டர் கடல்நீர். மெட்ரோவில் ஒரியென்ட் நிலையம். அம்மா அலுத்துப்போன மாலையில் கைஸ் த சொத்ரே துறையிலிருந்து எதிர்க்கரைக் கசில்யாசுக்குப் படகு ஏறுங்கள். பத்து நிமிடம், பஸ் டிக்கெட் மாதிரி விலை. திரும்பும்போது முன்பக்கத்தில் உட்காருங்கள். ஓட்டுச் சித்திரத்தை வரைந்தவர் ஆற்றிலிருந்து பார்த்த அதே பக்கம் எதிரே வரும். எது முந்தியது, எது பிந்தியது என்று மகனைச் சொல்லச் சொல்லுங்கள். கார்மோவின் கூரையில்லாத வளைவுகள் சாந்தா ஜுஸ்தா லிஃப்டுக்குப் பின்னால் தெரியும்.